யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாதவர்கள், அதிபர் விவாதத்தில் எதைத் தேடுகிறார்கள்?

2024 செப்டம்பர் 10 அன்று பிலடெல்ஃபியாவில் நடந்த அதிபர் வேட்பாளர் விவாதத்தின் முதல் கேள்வி மிக எளிமையானது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட அமெரிக்கர்கள் இப்போது நன்றாக இருக்கிறார்களா என்று ஏபிசி தொலைக்காட்சி நெறியாளர் டேவிட் முயர், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸிடம் கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரவில்லை. நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான் என்று தொடங்கி, புதிதாகச் சிறுதொழில் தொடங்குவோருக்கு 50,000 டாலர் வரிக்கழிவு, குழந்தை பெற்ற குடும்பங்களுக்கு 6,000 டாலர் வரிச்சலுகை என்று அடுக்கினார். அதே மேடையில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மாற்றாக என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று குடியரசுக் கட்சி வேட்பாளர் டொனால்டு டிரம்ப்பிடம் கேட்டார்கள். திட்டத்துக்கான யோசனைகள் இருக்கின்றன என்ற அளவோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் முழுக்க ஓடிய காட்சி இவை இரண்டும் அல்ல. ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னதும், அதற்கு ஆதாரம் இல்லை என்று முயர் குறுக்கிட்டதும்தான் எங்கும் ஓடின. இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்களிடம் செய்தியாளர்கள் பேசியபோது வேறொரு பேச்சு கேட்டது: ஹாரிஸ் நன்றாகத்தான் பேசினார், ஆனால் வந்தால் என்ன செய்வார் என்று இன்னும் பிடிபடவில்லை.

அன்றிரவு சிஎன்என் எடுத்த கணிப்பும் இதைத்தான் எண்களில் சொன்னது. விவாதம் பார்த்தவர்களில் 63 சதவீதம் பேர் ஹாரிஸ் சிறப்பாகச் செய்தார் என்றார்கள். டிரம்ப் என்றவர்கள் 37 சதவீதம். பொருளாதாரத்தை யார் நன்றாகக் கையாள்வார் என்று கேட்டபோது அதே ஆட்கள் டிரம்ப்புக்கு 55, ஹாரிஸுக்கு 35 கொடுத்தார்கள். இந்த விவாதத்தால் மனதை மாற்றிக்கொண்டேன் என்றவர்கள் வெறும் 4 சதவீதம். விவாதத்தில் ஜெயித்தது யார் என்பதும், ஓட்டு யாருக்கு என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு வடிவங்கள் என்று நினைப்பதால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் இந்த எண்களைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். அவை தனித்தனிக் கேள்விகள். பட்டிமன்றத்தில் கடைசியில் நடுவர் எழுந்து தீர்ப்புச் சொல்வார். இங்கே நெறியாளர் இருக்கிறார், தீர்ப்பு கிடையாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதும் இல்லை.

கட்டத்துக்குள் விழுகிறவர்கள்

கருத்துக்கணிப்பில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற கட்டம் இரண்டு படிகளில் நிரம்புகிறது. இன்றே தேர்தல் நடந்தால் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்பது முதல் கேள்வி. தெரியாது என்பவரை அப்படியே விட்டுவிட மாட்டார்கள்; சரி, எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று மறுபடி கேட்பார்கள். முதல் கேள்வியில் தயங்கியவர்களில் கணிசமானோர் இரண்டாவதில் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். சில நிறுவனங்கள் அவர்களை அந்த வேட்பாளரின் கணக்கிலேயே சேர்க்கும். சில நிறுவனங்கள் தனியாகக் காட்டும். ஒரே வாரத்தில் வரும் இரண்டு கணிப்புகளில் ஒன்று 3 சதவீதம் என்றும் இன்னொன்று 9 சதவீதம் என்றும் சொல்வதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கு முறைதான் காரணம். வாக்காளர் மனம் அதற்குள் மாறிவிடவில்லை.

இந்தச் சிறு கூட்டத்தைப் பற்றி ஆணித்தரமாக எழுதப்படும் செய்திகளை ஒரு கூட்டல் கழித்தலோடு படிக்க வேண்டும். 1,000 பேரிடம் எடுத்த கணிப்பின் பிழை விளிம்பு சுமார் 3 சதவீதப் புள்ளி. அதில் 5 சதவீதம் பேர் முடிவெடுக்காதவர்கள் என்றால் 50 பேர். அந்த 50 பேரை மட்டும் எடுத்துப் பேசும்போது பிழை விளிம்பு 14 புள்ளியாகிவிடுகிறது. ‘முடிவெடுக்காதவர்களில் 60 சதவீதம் பேர் இன்னார் பக்கம் சாய்கிறார்கள்’ என்ற வாக்கியத்துக்கு உண்மையான பொருள், 46-லிருந்து 74-க்குள் எங்கேயோ இருக்கிறது என்பதுதான்.

சரி, அந்த 50 பேர் யார்? இரண்டு வேட்பாளர்களையும் எதிரெதிரே வைத்து, கொள்கை அறிக்கைகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்று ஒரு பிம்பம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். அரசியலில் அந்த அளவுக்கு ஆர்வம் உள்ளவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோ ஒரு கட்சிக்காரர்கள்தான். சுயேச்சை என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களிலும் பெரும்பாலோர் நடைமுறையில் ஒரு கட்சிக்கே மறுபடி மறுபடி ஓட்டுப் போடுகிறார்கள். கட்டத்துக்குள் உண்மையில் விழுகிறவர்களில் ஒரு பெரிய பகுதிக்குத் தேர்வு இரண்டு வேட்பாளர்களுக்கு இடையில் அல்ல, ஒரு வேட்பாளருக்கும் வீட்டிலேயே இருந்துவிடுவதற்கும் இடையில். இன்னொரு பகுதியினர் இரண்டு திசையிலும் இழுபடுகிறவர்கள்: கருக்கலைப்பு உரிமையில் ஜனநாயகக் கட்சியோடு நிற்பார், எல்லைக் கட்டுப்பாட்டில் குடியரசுக் கட்சியோடு நிற்பார். இரண்டு வேட்பாளர்களையும் பிடிக்காதவர்களும் உண்டு. 2016-இலும், பைடன் போட்டியில் இருந்தவரை 2024-இலும் இவர்கள் எண்ணிக்கை கவனிக்கும்படி இருந்தது. எஞ்சியவர்கள் செய்தியையே அதிகம் பார்க்காதவர்கள். முடிவு செய்துவிட்டு, அந்நியரிடம் சொல்லப் பிடிக்காமல் ‘தெரியாது’ என்பவர்களும் கொஞ்சம் இருப்பார்கள்.

விவாதம் யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர்கள்தான் அதைக் குறைவாகப் பார்க்கிறார்கள். செப்டம்பர் 10 விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 6.7 கோடி, நவம்பரில் ஓட்டுப் போட்டவர்கள் 15.5 கோடி. பார்த்த எல்லோருமே ஓட்டுப் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் அந்தத் தொலைக்காட்சிக் கணக்கில் இல்லை. 90 நிமிடமும் உட்கார்ந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள். தங்கள் ஆள் எப்படி அடிக்கிறார் என்று பார்க்க வந்தவர்கள். தயங்கி நிற்பவர் மறுநாள் கைபேசியில் 40 வினாடித் துண்டாகத்தான் அதைப் பார்க்கிறார். எந்தத் துண்டு அவர் கைக்கு வர வேண்டும் என்பதை வேட்பாளர்களின் குழுக்கள் ஒத்திகையின்போதே எழுதி வைத்துவிடுகின்றன.

ஆளுக்கு ஒரு சந்தேகம்

முடிவெடுக்காதவர் வெற்றுப் பலகையாக விவாதத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு வேட்பாளர் மீதும் அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அது தீருகிறதா, உறுதிப்படுகிறதா என்று பார்க்கிறார். விவாத வரலாற்றில் உண்மையிலேயே பலன் தந்ததாகச் சொல்லப்படும் தருணங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவை வேறு மாதிரி தெரியும்.

1980 அக்டோபர் 28, கிளீவ்லாந்து. தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. ஜிம்மி கார்ட்டர் மீது மக்களுக்கு இருந்தது சந்தேகம்கூட அல்ல, சலிப்பு: விலையேற்றம், வேலையின்மை, ஈரானில் பிணைக்கைதிகள். ரொனால்டு ரீகன் மீதுதான் சந்தேகம் இருந்தது. இவர் கையில் அணு ஆயுதத்தைக் கொடுக்கலாமா என்பது அது. 90 நிமிடம் ரீகன் பதற்றமில்லாமல் நின்றார். முடிவுரையில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட நீங்கள் இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைத் தொடர்ந்து அவர் கேட்டவை இன்னும் முக்கியமானவை: கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது அன்றைவிட எளிதாக இருக்கிறதா, வேலையில்லாதவர்கள் கூடியிருக்கிறார்களா குறைந்திருக்கிறார்களா, உலகில் அமெரிக்காவுக்கு அதே மரியாதை இருக்கிறதா. எதிராளியைக் குத்தும் வாக்கியங்கள் அல்ல இவை. வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள ஒரு பட்டியலைத் தயங்கும் வாக்காளரின் கையில் அவர் கொடுத்தார். சுமார் 8 கோடிப் பேர் பார்த்தார்கள். ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் அவர் வென்றார்.

அதே ரீகனை 1984-இல் பாருங்கள். அக்டோபர் 7, லூயிவில் விவாதத்தில் அவர் தடுமாறினார். 73 வயது ஆளால் முடியுமா என்ற சந்தேகம் அங்கேதான் பெரிதானது. இரண்டு வாரம் கழித்து கன்சாஸ் சிட்டியில், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்காகப் பயன்படுத்த மாட்டேன் என்று நகைச்சுவையாகச் சொன்னார். எதிரே நின்ற வால்டர் மாண்டேல் சிரித்துவிட்டார். நகைச்சுவை எடுபட்டதற்குக் காரணம் அது நல்ல நகைச்சுவை என்பது மட்டும் அல்ல. எந்தச் சந்தேகம் எழுந்ததோ அதே இடத்தில் போய் அது விழுந்தது.

2024 ஜூன் 27 அட்லாண்டாவில் ஜோ பைடன் மீதும் இதே வயதுச் சந்தேகம்தான். எந்த வாக்கியமும் அதைத் தீர்த்திருக்க முடியாது. அவர் பேசிய விதமே அதை உறுதிப்படுத்திவிட்டது. ஜூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகினார். விவாதத்தால் தேர்தலே தலைகீழானதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் அமெரிக்க வரலாற்றில் இல்லை. ஆனால் விளைவைக் கொண்டுவந்தவர்கள் முடிவெடுக்காத வாக்காளர்கள் அல்ல. கணிப்புகளில் எண்கள் ஓரிரு புள்ளிகள்தான் அசைந்தன. பயந்துபோனது சொந்தக் கட்சி.

சந்தேகத்தைத் தொடாத வெற்றி காற்றில் போய்விடும். 2004-இல் மூன்று விவாதங்களிலும் கணிப்புகள் ஜான் கெர்ரியையே வெற்றியாளர் என்றன, தேர்தலில் தோற்றார். 2012 அக்டோபர் 3, டென்வரில் மிட் ராம்னி வென்றார் என்று கேலப் கணிப்பில் 72 சதவீதம் பேர் சொன்னார்கள், பராக் ஒபாமா என்றவர்கள் 20 சதவீதம். அடுத்த நான்கு ஆண்டுகள் ஆண்டது ஒபாமா. 2016-இல் மூன்றிலுமே ஹிலாரி கிளிண்டன் முன்னால் நின்றார். முடிவு தெரிந்ததே. 1960-இல் வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றும் நினைத்தார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு இருக்கும் கணிப்பு ஆதாரம் மிக மெலிந்தது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். 10 நாடுகளில் 62 தேர்தல்களையும் 56 தொலைக்காட்சி விவாதங்களையும் எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு, விவாதத்துக்கு முந்தைய நாட்களைவிடப் பிந்தைய நாட்களில் வாக்காளர்கள் கூடுதலாக முடிவுக்கு வரவில்லை என்று கண்டது.

எவ்வளவு, எப்போது, யார் பணம்

தயங்குகிறவர்கள் ‘விவரம் வேண்டும்’ என்று சொல்லும்போது அரசியல் ஆலோசகர்கள் சிரித்துக்கொள்வார்கள். விவரம் கொடுத்தால் யார் படிக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 80 பக்கப் பொருளாதாரத் திட்டத்தை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது மிகக் குறுகலான விவரம்.

2021 ஜனவரியிலிருந்து 2024 செப்டம்பர் வரை ஒட்டுமொத்த விலைவாசி சுமார் 20 சதவீதம் ஏறியிருந்தது. ஆண்டுப் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம் வரை போய், 2024 ஆகஸ்டில் 2.5-க்கு இறங்கிவிட்டது. பணவீக்கத்தை அடக்கிவிட்டோம் என்று ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னது கணக்குப்படி சரி. பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம்தான் குறையும், விலை இறங்காது. கடையில் பில் போடும் இடத்தில் நிற்பவர் கேட்பது விலையைப் பற்றி; மேடையில் கிடைக்கும் பதில் வேகத்தைப் பற்றி. வீட்டுக்கடனும் அப்படித்தான். 2021-இல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்த 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி, 2023 அக்டோபரில் 8-ஐ நெருங்கியது. முதல் வீடு வாங்குவோருக்கு முன்பணமாக 25,000 டாலர் வரை உதவி என்ற ஹாரிஸின் திட்டத்தைக் கேட்டதும் இளம் தம்பதிக்கு வரும் அடுத்த கேள்விகள் இவை: எனக்குக் கிடைக்குமா? எப்போது? எல்லோருக்கும் கொடுத்தால் வீட்டு விலையே 25,000 ஏறிவிடாதா?

டிரம்ப் பக்கமும் இதே ஓட்டைதான். எல்லா இறக்குமதிக்கும் 10 முதல் 20 சதவீதம் வரை, சீனப் பொருளுக்கு 60 சதவீதம் வரை சுங்க வரி என்றார். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 4,000 டாலர் செலவு கூடும், இது விற்பனை வரி மாதிரி என்றார் ஹாரிஸ்; வெளிநாடுகள்தான் கட்டும் என்றார் டிரம்ப். சுங்க வரியை அரசிடம் செலுத்துவது பொருளை இறக்குமதி செய்யும் அமெரிக்க நிறுவனம். அதில் எவ்வளவு விலையில் ஏறும், எவ்வளவு வெளிநாட்டு ஏற்றுமதியாளர் குறைத்துக்கொள்வார், எவ்வளவு நிறுவனத்தின் லாபத்தில் போகும் என்பதுதான் உண்மையான விவாதம். அதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் போதும். மேடையில் யாரும் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம்விட நேரடியான ஒரு கேள்வி உண்டு, அதை விவாதங்களில் கேட்பதே அரிது: இதை நீங்கள் தனியாகச் செய்ய முடியுமா? வரிச்சலுகை, முன்பண உதவி போன்றவற்றுக்குப் பிரதிநிதிகள் சபையில் 435 பேரில் பெரும்பான்மை வேண்டும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு நடைமுறையில் 100-க்கு 60 ஓட்டு வேண்டும். வரி, செலவு சார்ந்தவற்றைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றத் தனி வழி இருக்கிறது, அதற்கும் கடும் நிபந்தனைகள் உண்டு. சுங்க வரிக்கோ பழைய சட்டங்கள் அதிபருக்குக் கணிசமான அதிகாரத்தை ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன. ஒரு வேட்பாளரின் வாக்குறுதி நாடாளுமன்றத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியது, இன்னொருவருடையது கையெழுத்தில் தொடங்கக்கூடியது. வாக்குறுதிகளை நம்பி நம்பி அலுத்துப்போன வாக்காளருக்கு இந்த வேறுபாடு எந்தக் கொள்கை விளக்கத்தையும்விடப் பயன்படும். நெறியாளர்கள் இதை ஏன் வழக்கமான துணைக்கேள்வியாக வைத்துக்கொள்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

நடத்தையையும் அவர்கள் கவனிக்கிறார்கள். 2020 செப்டம்பர் 29 கிளீவ்லாந்து விவாதத்தில் டிரம்ப் இடைவிடாமல் குறுக்கிட்டார், பைடன் ஒரு கட்டத்தில் வாயை மூடுங்கள் என்றார், நெறியாளர் கிறிஸ் வாலஸால் அடக்க முடியவில்லை. கட்சி ஆதரவாளர் இதை வீரமாகப் பார்ப்பார். முடிவெடுக்காதவருக்கு அது தொலைக்காட்சியை அணைக்க ஒரு காரணம். அடுத்த விவாதத்தில், தொடக்க இரண்டு நிமிடப் பதிலின்போது எதிராளியின் மைக்கை அணைத்துவைக்கும் விதி வந்தது. கேள்வி பதில் காதில் விழுந்தது. 2024-இல் இரண்டு விவாதங்களிலும் மைக் அணைப்பு இருந்தது. இதில் ஒரு வேடிக்கை: குறுக்கிடும் பழக்கம் உள்ள வேட்பாளருக்கு அணைந்த மைக் லாபம். அடக்கமானவர் போலத் தெரிவார். ஹாரிஸ் குழு மைக் திறந்தே இருக்கட்டும் என்று கேட்டது இதனால்தான்.

வாக்காளரே எழுந்து கேட்கும் மேடை

முடிவெடுக்காதவர்களையே அரங்கில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லும் வடிவம் 1992 அக்டோபர் 15 அன்று ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கேலப் நிறுவனம் தேர்ந்தெடுத்த 209 பேர். மேடையில் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ் (தந்தை), பில் கிளிண்டன், ராஸ் பெரோ. ஆரம்பத்திலேயே ஒருவர் எழுந்து, ஒருவரை ஒருவர் சேற்றை வாரி அடிப்பதை விட்டுவிட்டு எங்கள் தேவைகளைப் பேசுவீர்களா என்று கேட்டார். அதன்பிறகு அன்று மாலை முழுக்கத் தனிமனிதத் தாக்குதல் அடங்கிப்போயிற்று. நெறியாளரால் முடியாததை ஒரு வாக்காளரின் கேள்வி செய்தது.

பின்னர் ஒரு பெண், தேசியக் கடன் உங்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் எப்படிப் பாதித்திருக்கிறது என்று கேட்டார். புஷ் வட்டி விகிதத்தில் தொடங்கித் தடுமாறினார், கேள்வி புரியவில்லை என்றார். அந்தப் பெண் கேட்க வந்தது அரசின் கடன் கணக்கை அல்ல, மந்தநிலையை. வேலை போனவர்களையும் வீட்டுத் தவணை கட்ட முடியாதவர்களையும் உங்களுக்குத் தெரியுமா என்பதை. கிளிண்டன் இருக்கையை விட்டு எழுந்து அவர் அருகில் போய், உங்களை அது எப்படிப் பாதித்தது என்று திருப்பிக் கேட்டார். பிறகு தன் மாநிலமான ஆர்க்கன்சாவில் வேலை இழப்பவர்களைத் தனக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருக்க வாய்ப்பிருக்கிறது என்றார். அந்த நேரத்தை ஒட்டி புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் கேமராவில் விழுந்தது. கேட்ட சொற்களுக்குப் பதில் சொன்னவர் ஒருவர், கேள்விக்குப் பின்னால் இருந்த கவலைக்குப் பதில் சொன்னவர் இன்னொருவர்.

வேட்பாளர்களின் குழுக்கள் இந்த வடிவத்தின் ஆபத்தை உடனே புரிந்துகொண்டு வேலிகட்டத் தொடங்கின. 2004-இல் மகன் புஷ், கெர்ரி குழுக்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 32 பக்கம். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், நெறியாளர் தேர்ந்தெடுப்பார், எழுதியதிலிருந்து விலகிக் கேட்டால் மைக் துண்டிக்கப்படும், கேட்டவர் தொடர்ந்து பேச முடியாது. அரங்கில் உட்காருபவர்கள்கூட முற்றிலும் முடிவெடுக்காதவர்கள் அல்ல. இரு பக்கமும் இளகிய ஆதரவு உள்ளவர்கள் சம எண்ணிக்கையில்.

துணைக்கேள்வி இல்லாததுதான் இந்த வடிவத்தின் மிகப் பெரிய ஓட்டை. 2012 அக்டோபர் 16, நியூயார்க்கின் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் ஒருவர் எழுந்து, பெட்ரோல் விலையைக் குறைப்பது எரிசக்தித் துறையின் வேலை இல்லை என்று உங்கள் அமைச்சர் சொல்கிறாரே, ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஒபாமாவிடம் கேட்டார். ஒபாமா உள்நாட்டு உற்பத்தி பற்றிப் பேசினார். ராம்னி அரசு நிலத்தில் எண்ணெய் எடுக்கும் அனுமதிகள் பற்றி மடக்கினார். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து நின்ற காட்சிதான் மிஞ்சியது. ஆமா இல்லையா என்பது வரவே இல்லை, கேட்டவர் மறுபடி எழவும் வழியில்லை.

இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படாதது. அரங்கு எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதியிலிருந்துதான் ஆட்களை எடுப்பார்கள். 2008-இல் டென்னஸி, 2012-இல் நியூயார்க், 2016-இல் மிசௌரி: மூன்றுமே அந்தந்த ஆண்டு இழுபறி மாநிலங்கள் அல்ல. வெற்றிக்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளைத் தீர்மானித்த இடங்களின் கவலைகள் அந்த அரங்கில் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2016 அக்டோபர் 9 செயின்ட் லூயிஸ் அரங்கில் பாதிக் கேள்விகளை நெறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெண்களைப் பற்றி டிரம்ப் கீழ்த்தரமாகப் பேசிய பழைய பதிவு வெளியாகி இரண்டே நாள். அந்தச் சூட்டிலும் வாக்காளர்கள் கேட்ட முதல் கேள்வி, இன்றைய பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நடந்துகொள்கிறோம் என்று நினைக்கிறீர்களா என்பது. கடைசிக் கேள்வி, எதிராளியிடம் நீங்கள் மதிக்கும் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்கள் என்பது. தொடக்கத்தில் கைகுலுக்காத இருவரும் அதன்பின் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கடிகாரமும் கோடும்

செப்டம்பர் 10 விதிகளின்படி ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் பதில், இரண்டு நிமிடம் மறுப்பு, தேவைப்பட்டால் ஒரு நிமிடம் கூடுதல். இரண்டு விளம்பர இடைவேளை போக, கணக்குப்படி 12, 13 கேள்விகளுக்கு மேல் இடமில்லை. ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் என்றால் ஏறக்குறைய 300 சொற்கள். ஒத்திகையில் சொல்லித் தரப்படும் வாய்பாடு வெளிப்படையானது: கேள்வியை ஒரு வாக்கியத்தில் தொடு, உன் தலைப்புக்குத் தாவு, எதிராளியை ஒரு முறை குத்து, பார்வையாளரை நோக்கி முடி. கேள்விக்கு உண்மையில் கிடைப்பது 20 சொற்கள். ‘கேட்டதுக்குப் பதில் சொல்லவே இல்லை’ என்ற புகார் ஒவ்வொரு தேர்தலிலும் வருவதற்குக் காரணம் வேட்பாளரின் குணம் மட்டும் அல்ல. நழுவினால் தண்டனை இல்லை, நேரடியாகச் சொல்லி மாட்டிக்கொண்டால் அந்த வாக்கியம் எதிராளியின் விளம்பரத்தில் நவம்பர் வரை ஓடும்.

விவாதத்தின்போது திரையின் அடியில் ஏறி இறங்கும் கோடு இந்த வாய்பாட்டுக்கு இன்னும் உரம் போடுகிறது. முப்பது நாற்பது பேர் கையில் சுழற்றும் குமிழைக் கொடுத்து, 50-இல் தொடங்கி, பிடித்தால் 100 பக்கமும் பிடிக்காவிட்டால் 0 பக்கமும் திருப்பச் சொல்வார்கள். 30 பேர் குழுவில் மூன்று பேர் மட்டும் 50-இலிருந்து 100-க்குத் திருப்பினால் சராசரிக் கோடு 5 புள்ளி எகிறும். திரையில் அது அலை மாதிரி தெரியும். கேட்டு, யோசித்து, திருப்புவதற்குள் ஓரிரு வினாடி ஆகிவிடுவதால் கோடு எந்த வாக்கியத்துக்கு ஏறியது என்பதே சில சமயம் தெளிவில்லை. தாக்கிப் பேசினால் கோடு இறங்கும், நம்பிக்கையாகப் பேசினால் ஏறும். ஆனால் பிடிக்காமல் கேட்ட தாக்குதல் ஒரு வாரம் கழித்தும் மனதில் நிற்கலாம். ரசித்த நம்பிக்கை வாசகம் மறுநாளே மறந்துபோகலாம். கோடு அளப்பது அந்த நொடியின் ருசியை, முடிவை அல்ல.

தொலைக்காட்சிகள் கூட்டும் இப்படிப்பட்ட வாக்காளர் குழுக்களைப் பார்க்கும்போது மூன்று விவரங்கள் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. இவர்கள் முடிவெடுக்காதவர்கள் என்று யார், எப்படிச் சரிபார்த்தார்கள். கடந்த இரண்டு தேர்தல்களில் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டார்களா. மூன்றாவது கிடைத்தால் மற்ற இரண்டையும்விட மதிப்பு அதிகம். விவாதம் முடிந்த பத்தாவது நிமிடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் சொல்லும் பதிலுக்கும், வீட்டில் நான்கைந்து நாள் பேச்சு, பில், செய்தித் துண்டுகள் எல்லாம் கலந்தபின் சொல்லும் பதிலுக்கும் தூரம் அதிகம்.

காலண்டரும் இடிக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டை அனுப்ப வேண்டும் என்பது மத்தியச் சட்டம். 2024-இல் அது செப்டம்பர் 21. 2020-இல் 10 கோடிக்கும் அதிகமானோர் தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அக்டோபர் விவாதங்கள் பலருக்குத் தாமதம் என்று சொல்லி 2024 மே மாதம் பைடன் குழு, 1988 முதல் விவாதங்களை நடத்திவந்த ஆணையத்தை விட்டு விலகியது. டிரம்ப் தரப்பும் சம்மதித்தது. ஆனால் தயங்குகிறவர்கள் முன்கூட்டி ஓட்டுப் போடுகிறவர்கள் அல்ல, கடைசிவரை வைத்திருப்பவர்கள். 2016-இல் கடைசி விவாதம் அக்டோபர் 19. ஹிலாரி கிளிண்டனின் மின்னஞ்சல் விசாரணை பற்றி எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதியது அக்டோபர் 28. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் விஸ்கான்சின், பென்சில்வேனியா, புளோரிடாவில் டிரம்ப் பக்கம் பெரிதாகச் சாய்ந்தார்கள். விவாதத்தை முன்னால் இழுத்தால் முன்கூட்டி ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் பயன். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படவில்லை.

ஆணையம் ஓரங்கட்டப்பட்டதோடு வாக்காளர் எழுந்து கேட்கும் விவாதமும் போயிற்று. அதற்குக் கிட்டத்தட்ட ஈடாக 2024-இல் நடந்தவை யூனிவிஷன் தொலைக்காட்சியின் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள்: அக்டோபர் 10 லாஸ் வேகாஸில் ஹாரிஸ், அக்டோபர் 16 மியாமியில் டிரம்ப், கேட்டவர்கள் முடிவெடுக்காத லத்தீன் வம்சாவளி வாக்காளர்கள். மியாமியில் புளோரிடாவின் டாம்பாவைச் சேர்ந்த, முன்பு குடியரசுக் கட்சியில் இருந்த ஒருவர் எழுந்து, என் ஓட்டைத் திரும்பப் பெற உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன் என்றார். தன் தயக்கத்தை மூன்றாகப் பிரித்தே சொன்னார்: 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபோது ஏன் அவ்வளவு நேரம் நடவடிக்கை எடுக்காமல் இருந்தீர்கள், கொரோனா காலத்தில் மக்களைச் சரியாக வழிநடத்தினீர்களா, உங்கள் துணை அதிபர் உட்பட உங்களோடு வேலை செய்தவர்களே ஏன் உங்களை ஆதரிக்கவில்லை. எந்த வேட்பாளருக்கும் இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைக்காது. தாமதம் பற்றிய கேள்விக்கு, ஜனவரி 6 அன்பு நிறைந்த நாள் என்று டிரம்ப் சொன்னார். மறுநாள் ஓடியது அந்த வாக்கியம்தான். கேட்டவரின் மூன்று கேள்விகளை முழுதாகக் காட்டிய துண்டுகள் குறைவு.